கரத்தை மாடுகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி

குதிரைக்குச் சிலை வைத்த ஊர் ஒன்றில் நான் ஒன்றரை வருஷம் படித்திருக்கிறேன். கடல் கடந்த பெரிய துறைமுகப் பட்டணம். அரசாங்கம் மிருக வைத்தியர்களை மேற்படிப்புக்கு அனுப்பிய காலத்தில் என்னையும் அனுப்பியது. அங்கே கப்பல்துறைக்குப் போகும் தெருமுனையில், பண்டகசாலைகளுக்கு நடுவே, ஒரு கற்குதிரை நின்றது. முதுகில் ராஜாவும் இல்லை, தளபதியும் இல்லை. கழுத்தில் பாரம் இழுக்கும் பட்டை, மயிர் அடர்ந்த பெரிய கால்கள், கொஞ்சம் தாழ்ந்த தலை. கப்பலில் வந்திறங்கிய சாமான்களைத் தலைமுறை தலைமுறையாக இழுத்த குதிரைகளுக்கு ஊர்ச் சனங்கள் வைத்த நினைவுச்சின்னம் என்று பீடத்தில் எழுதியிருந்தது. முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வேலைவெட்டி இல்லாத வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அதன் படம் போட்ட தபாலட்டை ஒன்றை வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

எழுபத்தாறில் மாத்தளைக்கு மாற்றலாகி வந்தபோது அந்த அட்டையை வைத்தியசாலையில் மருந்து அலுமாரிக்கு மேலே ஒட்டினேன். மாத்தளை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வெட்டவெளியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, திரும்பிய பக்கமெல்லாம் மலை வந்து மறைத்துக்கொண்டு நின்றால் எப்படிப் பிடிக்கும்? என் தமிழைக் கேட்டு அந்த ஊர்த் தமிழர்கள் சிரித்தார்கள். அவர்களுடைய தமிழைக் கேட்டு நான் முகம் சுளித்தேன். சில வருஷத்தில் அவர்களுடைய "வாங்க, போங்க" எனக்கும் தொற்றிக்கொண்டது. ஊருக்குப் போனால் தங்கச்சி அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வாள்.

மாத்தளை, ரயில் பாதை முடிகிற ஊர். கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய அரிசியும் மாவும் கருவாடும் அங்கேதான் ரயிலை விட்டு இறங்கும். யட்டவத்தப் பக்கத்து மிளகும் பல்லேபொலப் பக்கத்துப் பாக்கும் கொக்கோவும் அங்கேதான் ரயில் ஏறும். ரயிலுக்கும் கடைகளுக்கும் நடுவில் இருந்தவை பத்துப் பன்னிரண்டு மாட்டு வண்டிகள், அந்த ஊர்ப் பேச்சில் கரத்தைகள். லொறி வந்து பாதி வேலையைப் பிடுங்கிக்கொண்ட பிறகும் ஒடுங்கிய சந்துகளுக்குள் மூட்டையைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை அவைதான். ஸ்டேஷனில் சரக்கு இறக்கும் குட்ஸ் செட்டுக்கு எதிரே அவை நாள் முழுக்க வெயிலில் நிற்கும்.

அந்தக் கரத்தைக்காரர்களில் ஒருவர் உக்குவளைப் பக்கத்து முஸ்லிம். ஐம்பதை நெருங்கியவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவரை நானா என்பேன், அவர் என்னை டொக்டரையா என்பார். அவரிடம் ஒரு சோடி இருந்தது. வலப்பக்கம் செவலை, இடப்பக்கம் மயிலை. செவலைக்கு இடது கொம்பின் நுனி உடைந்திருக்கும். என்னை உதைத்த மாடுகளில் அதற்குத்தான் முதலிடம். லாடம் கட்டுகிறவனிடம் சாதுவாக நிற்கும், என் சட்டையைக் கண்டால் பின்னங்காலைத் தூக்கும். "மருந்து வாசம் அதுக்குப் புடிக்காதுங்க" என்று நானா சமாதானம் சொல்லுவார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும்.

அவர்தான் எண்பத்திரண்டில் ஒருநாள் மருந்துக்குக் காத்து நின்றபோது அந்த அட்டையைப் பார்த்தார்.

"இது எந்த யுத்தத்துக்குப் போன குதிரைங்க?"

"யுத்தத்துக்கு ஒன்றும் போகேல்லை நானா. துறைமுகத்தில கரத்தை இழுத்தது."

"பாரம் இழுத்ததுக்கா செல வச்சாங்க?"

"ஓம்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "நம்ம ஊர்ல மாட்டுக்கு வெக்கிறது கறிச்சட்டியத்தான்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் போய்விட்டார். நான் அதை மறந்துவிட்டேன்.

அவர் மறக்கவில்லை. குட்ஸ் செட்டில் எல்லாரிடமும் குதிரைக் கதையைச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் நாலைந்து கரத்தைக்காரர்கள் என்னிடம் வந்து நின்றார்கள். நம் மாடுகளுக்கும் ஏதாவது வைக்கவேண்டும், டொக்டரையாதான் முன்னுக்கு நிற்கவேண்டும் என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், வெளியில் சிடுசிடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணிக் கடையில் கூட்டம் போட்டோம்.

தோட்டத்திலிருந்து வந்து கரத்தை ஓட்டிய ஒரு தமிழர், "சிமெந்துல ஒரு மாடு செஞ்சு வச்சிருவோம்ங்க, நம்ம கோயில் வேல செய்யிறவர் செஞ்சு தருவாரு" என்றார்.

நானா தலையை ஆட்டினார். "உருவம் வெக்க எங்களுக்கு ஏலாது. ஹராம்."

சிங்களக் கரத்தைக்காரர் ஒருவர் இருந்தார், தமிழை எங்களை விட வேகமாகப் பேசுவார். "வச்சாலும் ஒரு வாரத்துல உங்க பொம்பளைங்க வந்து பொட்டு வச்சு, மாலை போட்டு, நந்தின்னு வெளக்கேத்திருவாங்க. அதப் பாத்துட்டு நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா? அவங்களும் பக்கத்துல ஒண்ணு வைப்பாங்க. கடசியில மாடு நிக்க எடம் இருக்காது" என்றார்.

கடை முழுக்கச் சிரித்தது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்க முடிந்தது.

சிரிப்பு அடங்கியதும் நானா சொன்னார்: "மாடு செலயப் பாத்து என்ன செய்யப் போகுது? தண்ணி வைப்போம்."

குட்ஸ் செட்டில் மாட்டுக்குத் தண்ணீர் கிடையாது. கரத்தைக்காரர்கள் தகர வாளியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் பைப்புக்குக் கெஞ்சுவார்கள். சில கடைக்காரர்கள் விடுவார்கள், சிலர் விரட்டுவார்கள். அதனால் ஒரு கல் தொட்டி கட்டுவது என்று முடிவாயிற்று. நுகத்தடியில் நிற்கிற மாதிரியே இரண்டு மாடு பக்கத்தில் பக்கத்தில் நின்று குடிக்க இரண்டு பிரிவு. முன்பக்கத்தில் மூன்று மொழியிலும் ஒரே வரி: இந்த ஊரின் பாரத்தை இழுத்த மாடுகளுக்கு. படம் நான் கீறினேன். நானா ஒரேயொரு நிபந்தனை போட்டார்.

"மொதல்ல செவல குடிக்கணும். அதுக்கு அப்புறம் மத்தது."

மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். எல்லா மாட்டிலும் அதுதான் அதிக வருஷம் இழுத்தது.

பிறகு எண்பத்து மூன்று வந்தது. ஆடி மாதம், காலை நேரம், டவுனில் தமிழ்க் கடைகள் எரிந்துகொண்டிருந்தன. நாங்கள் குடியிருந்த தெருவின் முனைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா ஓடிவந்து சொன்னாள். நான், மனைவி, பத்து வயது மகள். எங்கே போவது என்று ஒன்றும் ஓடவில்லை. பின்வளவுப் பக்கம் கரத்தை வந்து நின்ற சத்தம் கேட்டது. நானா. கரத்தை நிறைய உப்புப் போட்ட பச்சை மாட்டுத்தோல்.

"பேசாதீங்க. ஏறிப் படுங்க."

சுத்த சைவமான, முட்டைக் கோதைக் கூட அடுப்படிக்குள் விடாத என் மனைவி அந்தத் தோலுக்கு அடியில் படுத்தாள். மகளின் வாயை நான் பொத்திப் பிடித்திருந்தேன். வளைவில் கரத்தையை மறித்தார்கள். என்ன ஏத்திக்கொண்டு போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார்கள். "தோல். வேணும்னா தூக்கிப் பாருங்க" என்று நானாவும் சிங்களத்தில் சொன்னார். நாற்றத்துக்கு அவர்கள் விலகிப்போனது குரலிலேயே தெரிந்தது. ஆனால் கரத்தை நகரவில்லை. இரண்டு பக்கமும் புகை, மாடுகள் மிரண்டுவிட்டன. பலகை இடுக்கால் எனக்குச் செவலையின் பின்னங்கால்கள் மட்டும் தெரிந்தன. வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. நானா அடிக்கவில்லை. இறங்கி அதன் காதுப் பக்கம் போய் ஏதோ சொன்னார். ஒரு காலை எடுத்து வைத்தது. பிறகு மற்றக் காலை. அது நகர்ந்ததும் மயிலையும் நகர்ந்தது. உக்குவளை வரைக்கும் அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த மாடு அங்கேயே நின்றிருந்தால் இன்றைக்கு இதை எழுத நான் இல்லை, என் மகளும் இல்லை.

எட்டு நாள் அவர் வீட்டில் இருந்தோம். எங்களுக்கென்று புதுச் சட்டி வாங்கி அவருடைய மனைவி மரக்கறி சமைத்துத் தந்தார். பிறகு யாழ்ப்பாணம் போனோம். மனைவியும் மகளும் அங்கேயே தங்கிவிட்டார்கள். எனக்கு உத்தியோகத்தை விட மனம் வரவில்லை. அஞ்சு மாதத்தில் தனியாகத் திரும்பி வந்து, எரிந்த வீட்டைப் பார்த்துவிட்டு, ஒரு அறை எடுத்துத் தங்கினேன். வந்து மூன்றாம் நாள் நானா வைத்தியசாலை வாசலில் நின்றார். சுகம் விசாரித்துவிட்டுக் கேட்டார்: "தொட்டி விசயம் என்னாச்சுங்க?"

என்னாகும்? பந்தாடினார்கள். நிலம் ரயில்வேயுடையது, தண்ணீர் நகரசபையுடையது, தெருவோரம் இன்னொரு திணைக்களத்துடையது. ஒவ்வொருவரும் மற்றவரிடம் கடிதம் வாங்கிவரச் சொன்னார்கள். நான் எழுதி எழுதிச் சளைத்தேன். ஒரு அதிகாரி, மாட்டுக்கு ஞாபகச்சின்னமா, மனிசருக்கே இன்னும் வைக்கவில்லையே என்று கேட்டார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் எனக்கு எரிச்சல் வந்தது. அஞ்சு வருஷம் அப்படியே போயிற்று.

அதற்குள் செவலைக்கு முழங்கால் வீங்கிவிட்டது. இனி நுகத்தில் பூட்டவேண்டாம் என்று எண்பத்தேழில் நான்தான் சொன்னேன். கரத்தை மாடு இழுக்க முடியாமல் போனால் அடுத்தது மடுவம்தான். அங்கேதான் அறுப்பார்கள். எல்லாக் கரத்தைக்காரர்களும் அப்படித்தான் கொடுத்தார்கள், முந்தி நானாவும் கொடுத்திருக்கிறார். அதற்கு ஒரு சட்டம் உண்டு. வேலை செய்யக்கூடிய எருதை அறுக்கக்கூடாது. மிருக வைத்தியர் மாட்டைப் பரிசோதித்து, பாரம் இழுக்கத் தகுதியற்றது என்று கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இருந்தால்தான் மடுவத்தில் எடுப்பார்கள்.

நானா சொன்னார்: "இத நான் குடுக்க மாட்டேங்க. கொல்லையில கட்டிப் புல்லுப் போடுவேன். தானா மௌத்தாகட்டும்."

"நல்லது" என்றேன்.

"நீங்க கையெழுத்துப் போடாம யாருக்கும் அத அறுக்க ஏலாதுதானே?"

"ஏலாது."

"அப்ப சரி" என்று அதை ஓட்டிக்கொண்டு போனார். வயதானதாலோ என்னவோ, அன்றைக்கு அது என்னை உதைக்கவில்லை.

எண்பத்தெட்டும் எண்பத்தொன்பதும் வேறு மாதிரிப் பயம். இந்த முறை அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பிய சிங்களப் பையன்கள். வேலைக்குப் போகாதே, கந்தோரைப் பூட்டு என்று சுவரில் ஒட்டுவார்கள், பூட்டினால் ஏன் பூட்டினாய் என்று மற்றப் பக்கத்திலிருந்து ஆமி வரும். வேலைக்குப் போகிற வழியில், சந்தியிலும் பாலத்தடியிலும் பார்க்கக்கூடாததைப் பார்த்துக்கொண்டு போவோம். தலையைக் குனிந்து நடக்கப் பழகிக்கொண்டோம். பஸ் இல்லை, லொறிகள் ஓடப் பயந்தன. அப்போதுதான் ஊருக்குக் கரத்தைகள் ஞாபகம் வந்தன. கடைக்கு அரிசி வந்தது மாட்டால்தான். அஞ்சு வருஷம் நடக்காதது ஒரு வாரத்தில் நடந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வாயாலேயே அனுமதி கொடுத்தார், கடைக்காரர்கள் கல்லும் சிமெந்தும் தந்தார்கள்.

மேசன் உயரம் கேட்டபோது நானா செவலையை உக்குவளையிலிருந்து மெதுவாக நடத்திக்கொண்டு வந்தார். அதற்குக் கழுத்து அவ்வளவாகக் குனியாது. வாய் நிற்கிற உயரத்தை மேசன் ஒரு தடியில் கரியால் கோடு போட்டுக்கொண்டார். வழமையாகக் கட்டுவதை விட அரை அடி உயரம். மற்ற மாடுகளுக்கும் இது வசதிதான் என்று நான் சொன்னேன்.

அந்தக் காலத்தில் நான் இன்னொரு வேலையும் செய்தேன். யட்டவத்த, பல்லேபொல கிளினிக்குகளுக்குப் போனால் பஸ் நின்று இரண்டு மூன்று நாள் அங்கேயே மாட்டிக்கொள்வேன். இங்கே மடுவத்துக்கு வந்த மாடுகள் புல்லும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் கட்டிக்கிடக்கும், இறைச்சிக்கடைக்காரர்கள் வாசலில் நின்று சத்தம் போடுவார்கள். அதனால் சான்றிதழ்ப் புத்தகத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு உதவியாளரிடம் கொடுத்துவிடுவேன். அவர் சிங்களவர், இருபது வருஷம் மாடு பார்த்தவர், கைச்சுத்தமானவர். பல்லைப் பார், காலைப் பார், சரியென்றால் நிரப்பிக் கொடு என்று சொல்லி வைத்தேன். எல்லாரும் செய்கிறதுதானே என்று ஒரு நினைப்பு. தேத்தண்ணி குடித்துக்கொண்டே வெறுந்தாளில் வரிசையாகப் போட்டுவிடுவேன்.

தொட்டியின் அடிக்கல் வைத்துப் பத்து நாளில் நானாவை ஆமிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். மயிலையை மட்டும் பூட்டிய ஒற்றை மாட்டுக் கரத்தையில் யட்டவத்தப் பக்கமிருந்து ஏற்றிவந்த மிளகு மூட்டைகளில் ஒன்றுக்குள் ஏதோ இருந்ததாம். என்ன இருந்தது, யார் வைத்தார்கள், நானாவுக்கும் தெரியாது. அப்போது முகாமாக்கியிருந்த ஒரு கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வரவில்லை. ஊர் அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது.

நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை. இதைத்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. என்னை எட்டு நாள் வைத்துச் சோறு போட்ட வீடு. மாத்தளையிலிருந்து நடந்தே போகலாம். பிடிபட்டவர் வீட்டுக்கு ஒரு தமிழ் உத்தியோகத்தன் போனால் நாளைக்கு என் பெயரும் ஒரு தாளில் ஏறும் என்று பயந்தேன். வேலை அதிகம் என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன். அஞ்சு வாரம். ஒருநாள் போய் எட்டிப் பார்த்திருந்தால் கொல்லையில் புல்லில்லாமல் ஒரு மாடு நிற்பதைக் கண்டிருப்பேன்.

ஆறாவது வாரம் அவர் திரும்பி வந்தார். எப்படி விட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பாதி ஆளாகியிருந்தார். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. வந்த மறுநாளே வைத்தியசாலைக்கு வந்து, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நின்றார்.

"செவலய வித்துட்டாங்கங்க."

"ஆர் வித்தது?" என்றேன்.

"மச்சான்தான் ஓட்டிட்டுப் போயிருக்கான். இழுக்கிற மயிலைய மட்டும் வச்சுக்கிட்டான். பொஞ்சாதியும் சரின்னு சொல்லியிருக்கு. அவங்கள நான் ஏச மாட்டேன். நான் வர மாட்டேன்னு நெனச்சாங்க. வெளிய போய்ப் புல்லறுக்கவும் ஆளில்ல. ஆனா மடுவத்துல எப்படிங்க எடுத்தாங்க? ஒங்க கையெழுத்து இல்லாம அறுத்திருக்காங்க. அத நான் விட மாட்டேன்."

"நான் போடவே இல்லை நானா" என்று மேசையில் அடித்துச் சொன்னேன். "என்னைக் கேக்காமல் அறுத்தவனை நான் கோர்ட்டில நிறுத்துவன்."

"அதான் வந்தேன். பெட்டிசன் எழுதுங்க." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உள்ள இருக்கிறப்போ பொஞ்சாதி புள்ளைங்கள நெனச்சா பயமா இருக்கும்ங்க. என்ன ஆனாங்களோன்னு. செவலய நெனச்சா மட்டும் பயமில்ல. டொக்டரையா பாக்காம கையெழுத்துப் போட மாட்டாரு, பாத்தா போட மாட்டாரு. அதுக்கு ஒண்ணும் ஆகாது. அப்படின்னு நெனச்சிட்டுத்தான் தூங்குவேன்."

அவர் போன பிறகு பெட்டிசனுக்குத் திகதி எடுக்கச் சான்றிதழ்ப் புத்தகத்தைத் திறந்தேன். தாளைக் கிழித்துக் கொடுத்த பிறகு புத்தகத்தில் ஒரு அடிக்கட்டை மிஞ்சும். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். உதவியாளரின் குண்டு எழுத்தில் இருந்தது: செவலை எருது, இடது கொம்பு நுனி உடைந்தது. கீழே என் கையெழுத்து.

உதவியாளரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "எனக்குத் தெரியும் சேர், அது நானாட மாடுன்னு. ரெண்டு நாள் குடுக்காம வச்சிருந்தேன். நானா இனி வர மாட்டாருன்னு எல்லாரும் சொன்னாங்க. மாடும் பட்டினி. நீங்க யட்டவத்தல. புத்தகத்துல ஒங்க கையெழுத்து இருந்திச்சு" என்றார். எழுதியிருந்ததில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யாக இருந்தது என் கையெழுத்து மட்டும்தான்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. பெட்டிசன் என்ன ஆயிற்று என்று நானா கேட்டபோது, "தொட்டி திறப்பு முடியட்டும் நானா, பிறகு பாப்பம்" என்றேன். அதையும் நம்பினார். மூன்று வாரம் அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினேன்.

திறப்பு நாளன்று கரத்தைக்காரர்கள் மாடுகளைக் குளிப்பாட்டி ஓட்டி வந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர், கடைக்காரர்கள், ஒரு பிக்கு, ஒரு மௌலவி, கோயில் ஐயர். காலம் அப்படியென்றபடியால் கூட்டம் சின்னது, ஒலிபெருக்கி இல்லை. பைப்பை நான்தான் திறக்கவேண்டும் என்றார்கள். திறந்தேன். இரண்டு பிரிவிலும் தண்ணீர் ஏறியது.

நானா மயிலையை அவிழ்த்துக் கொண்டுவந்தார். அது தொட்டியின் இடப்பக்கம் போய் நின்று குடித்தது. நான் மிருக வைத்தியன், மாடு சோடியை நினைத்து அழும் என்று கதை சொல்ல மாட்டேன். நன்றாகத்தான் குடித்தது. இத்தனை வருஷம் இடப்பக்கம் நின்ற பழக்கத்துக்கு இடப்பக்கம் நின்றது, அவ்வளவுதான். வலப்பக்கம் தண்ணீர் சும்மா தளும்பிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் தங்கள் மாடுகளைப் பிடித்தபடி நின்றார்கள், ஒருவரும் முன்னுக்கு வரவில்லை. நானாவே திரும்பி அந்தச் சிங்களக் கரத்தைக்காரரைப் பார்த்து, "கொண்டாங்க, வெயில்ல நிக்குதே" என்றார். அவருடைய மாடு வலப்பக்கம் வந்து குடித்தது. அதற்கு உயரம் கொஞ்சம் அதிகம். கழுத்தை எக்கிக் குடித்தது.

பிறகு நானாவைப் பேசச் சொன்னார்கள். ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். இந்தத் தொட்டி டொக்டரையாவால் வந்தது, மாட்டைப் பார்க்காமல் ஒரு கையெழுத்துப் போடாத மனிசன் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தேத்தண்ணி கொடுக்கிற நேரம் பார்த்து அவரைக் குட்ஸ் செட்டின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். அடிக்கட்டையைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"வாசிங்க" என்றார்.

வாசித்தேன். "செவலை எருது. வயது பதினெட்டு. இடது கொம்பு நுனி உடைந்தது. பாரம் இழுக்கத் தகுதியற்றது. பரிசோதித்தவர்…" அதற்கு மேல் என் பெயர். தாளை மடித்தேன்.

"நீங்க பாத்தீங்களா?"

"இல்லை நானா. வெறுந்தாளில போட்டு வச்சிருந்தன். எல்லாத் தாளிலயும்."

அவர் என்னை ஏசவேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றேன். அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் மடங்காத விரல்களை மற்றக் கையால் பிடித்து நீவிக்கொண்டிருந்தார்.

"பாத்திருந்தா போட்டிருக்க மாட்டீங்க" என்றார் கடைசியில்.

பிறகு, "அத உள்ள வைங்க, ஆளுங்க வாராங்க" என்று என் பையைக் காட்டினார். திரும்பிப் போய் மயிலையைக் கரத்தையில் பூட்டினார். மடங்காத விரலோடு கயிற்றை முடிய ரொம்ப நேரம் பிடித்தது. உதவிக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை.

பெட்டிசனைப் பற்றி அவர் பிறகு கேட்கவே இல்லை. மயிலைக்கு ஏதும் என்றால் முந்தி மாதிரியே என்னிடம்தான் கொண்டுவந்தார். அந்த விஷயத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் தேத்தண்ணிக் கடையில் யாராவது உத்தியோகத்தர்களைப் பற்றிக் குறை பேசினால், "நம்ம டொக்டரையா அப்படி இல்ல, பாக்காம கையெழுத்துப் போட மாட்டாரு" என்பார். முதல் தடவை கேட்டபோது குத்திக் காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாரா, தண்டிக்கத்தான் சொன்னாரா, அதுவும் இல்லாமல் தனக்கே சொல்லிக்கொண்டாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. மாத்தளையை விட்டு மாற்றலாகிப் போகும் வரைக்கும் ஏழெட்டு வருஷம் அதை என் காதாலேயே கேட்டேன்.

யுத்தம் முடிவதற்கு இரண்டு வருஷம் முந்தி அவர் மௌத்தாகிவிட்டார். யாழ்ப்பாணத்தில் எனக்குச் செய்தி கிடைத்து, பெர்மிட்டுக்கும் சோதனைக்கும் நின்று, நான் உக்குவளைக்குப் போய்ச் சேர ஒரு கிழமை ஆயிற்று. அவருடைய மகன் வாசலுக்கு வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டான். முன்னால் பார்த்தபோது சின்னவன், இப்போது அவனுக்கே தலை நரைத்திருந்தது. உள்ளே உட்காரவைத்து, வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் என்னைக் காட்டினான்.

"இவங்கதான் அந்த டொக்டரையா. பாக்காம ஒரு கையெழுத்துப் போட மாட்டாங்கன்னு வாப்பா சாகிற வரைக்கும் சொல்லிட்டு இருந்தாங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.